கூட்டல் குறி

ஜனவரி 2, வியாழன்

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். போன தடவையைவிட ஏறியிருக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு அம்சவேணியின் பக்கம் திரும்பி, "வீட்ல சாருக்குக் கோபம் வருங்களா?" என்று கேட்டார். அவள் சற்று யோசித்து, "டிவி பாக்கறப்போ வருமுங்க" என்றாள்.

எனக்குக் கோபமே வருவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு தடவை வந்தது. அது நியாயமான கோபம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏதாவது கைவேலை கற்றுக்கொள்ளுங்கள், மனதில் தோன்றுவதை எழுதி வையுங்கள் என்றார் டாக்டர். தொலைபேசித் துறையில் இருந்தவரை கம்பமும் கேபிளுமாகக் கை ஓயாது. ஓய்வு பெற்ற பிறகு ரிமோட்டைத் தவிர வேறெதையும் பிடிக்கவில்லை என்பது உண்மைதான்.

மாலையில் அம்சவேணி தன் போனை நீட்டினாள். கணபதி பகுதியில் ஒரு பட்டறை. சனிக்கிழமை காலைகளில் இரும்பைக் காய்ச்சி அடிக்கக் கற்றுத் தருகிறார்களாம். "இதை எங்கே புடிச்சே?" என்றேன். "தானா வந்துச்சுங்க. பேருகூடக் குடுத்தாச்சு" என்றாள். போனில் ஒரு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாதவள் இவள். எப்படிப் பதிவு செய்தாளோ.

ஜனவரி 4, சனி

பட்டறை நடத்துவது கோகிலவாணி என்ற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சிற்பக் கல்லூரியில் படித்தவளாம். வாய் ஓய்வதில்லை. பேசிக்கொண்டே சுத்தியலை வைத்த இடத்தை மறந்துவிட்டு எங்களைத் தேடச் சொல்கிறாள். என்னைத் தவிர வந்திருந்த எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். மேனேஜரை நினைத்துக்கொண்டு அடிப்பதாக ஒருவன் சொன்னான்.

முதல் வேலையாக என்ன செய்யப் போகிறோம் என்று கரும்பலகையில் வரைந்தாள். சிலுவை.

நான் எழுந்து, "இது மதம் சம்பந்தப்பட்ட விஷயமாச்சே. வேல் செய்யலாமுங்களா?" என்று கேட்டேன்.

"வேல் அடுத்த பேட்ச்ல சார். அதுக்கு இலை மாதிரித் தட்டையாக்கி விளிம்பு எடுக்கணும், கை பழகியிருக்கணும். இது ஒரே துண்டு. வெட்டிச் சூடு பண்ணி விரிச்சா வந்துரும். வெல்டிங்கே கிடையாது. மதமெல்லாம் ஒண்ணுமில்ல சார், ஈசிங்கறதால செய்றோம்."

யோசித்துப் பார்த்தேன். ஒரு கோடு நேராக, ஒரு கோடு குறுக்காக. கணக்கில் இதைக் கூட்டல் குறி என்பார்கள். நான் கூட்டல் குறி செய்கிறேன். இந்த நோட்டிலும் அப்படியே எழுதுவேன்.

ஜனவரி 5, ஞாயிறு

காலை நடையில் தண்டபாணி. எங்கள் காலனிப் பிள்ளையார் கோயில் கமிட்டியில் அவர் தலைவர், நான் செயலாளர். இரண்டாவது சுற்றில் வழக்கம்போல ஆரம்பித்தார். "பெத்த பொண்ணுன்னும் பாக்காம, வேற மதத்துல கட்டிட்டுப் போனவ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு நின்னீங்க பாருங்க, அந்த உறுதி யாருக்கு வரும் குழந்தைவேலு? நாலு பேருக்கு நீங்க உதாரணமுங்க."

நல்ல மனிதர். என்னைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பட்டறையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கொக்கி என்று சொன்னேன்.

ஜனவரி 11, சனி

கையளவு நீளச் சதுரக் கம்பி கொடுத்தாள் கோகிலவாணி. ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் ஒரு வெட்டு. பிறகு கம்பியைக் கால் சுற்று திருப்பி, மறுமுனையிலிருந்து இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டுகளும் நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டும். சந்திக்காமல் நின்றுவிட்டால் விரியாது. ஹாக்ஸாவைப் பிடித்து அறுத்து அறுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. இன்று அடுப்புப் பக்கமே போகவில்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொன்னான். வர மாட்டான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அம்சவேணி ஒரு பெரிய குண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எதற்கு இவ்வளவு என்றேன். "வேலைக்காரங்களுக்குக் குடுக்கலாமுங்க" என்றாள். எங்களுக்கு வேலைக்காரர்கள் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

அம்சவேணி கோயிலுக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச காலமாகவே வியாழன்தோறும் தட்சிணாமூர்த்தியைத் தரிசிக்கப் போகிறாள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்புவாள். பக்தி நல்லதுதான். டிபன் கேரியரை எதற்கு எடுத்துப் போகிறாள் என்று தெரியவில்லை. பிரசாதம் வாங்கி வரவென்றால், திரும்பும்போது அது காலியாக அல்லவா இருக்கிறது.

ஜனவரி 18, சனி

என் கூட்டல் குறி எரிந்துபோயிற்று.

கரி அடுப்பில் ப்ளோயர் ஓடுகிறது. இரும்பு முதலில் சிவக்கிறது, பிறகு ஆரஞ்சுப் பழ நிறம். அப்போது எடுத்துவிட வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டேன். கம்பியிலிருந்து மத்தாப்பு மாதிரி பொரி பறந்தது. அழகாக இருந்தது. குறட்டால் பிடித்து வெளியே எடுத்தபோது கம்பியின் ஒரு முனை அடுப்பிலேயே தங்கிவிட்டது.

"விட்டா எரிஞ்சுரும் சார். ரொம்ப நேரம் சூட்டுலயே வெச்சிருந்தா இரும்புகூடத் தாங்காது" என்றாள் கோகிலவாணி. இதைச் சொல்லும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏன் என்று தெரியவில்லை. வேறு கம்பி கொடுத்தாள்.

ஜனவரி 23, வியாழன்

பீரோவில் பழைய வேட்டிகள் இரண்டைக் காணோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவை. அம்சவேணியைக் கேட்கலாமென்றால் அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

மாலையில் கேட்டேன். "துடைக்கறதுக்குக் கிழிச்சேனுங்க" என்றாள். எதைத் துடைக்க? வீட்டில் ஜன்னலெல்லாம் தூசியாகத்தான் இருக்கிறது. கிழித்த துணியைச் சதுரம் சதுரமாக மடித்து, ஓரம் அடித்து, வெந்நீரில் அலசிக் காயப் போட்டிருக்கிறாள். இவ்வளவு பக்குவமாக யாரும் துடைக்கும் துணி தயார் செய்து நான் பார்த்ததில்லை.

பிரஷர் பரவாயில்லை.

பிப்ரவரி 1, சனி

இரண்டாவது கம்பியையும் அறுத்து முடித்தேன். இந்தத் தடவை தோள் வலிக்கவில்லை.

நடுவில் தேநீர் குடிக்கும்போது கோகிலவாணி, "பிரஷர் மாத்திரை காலைல போட்டுட்டுத்தானே வர்றீங்க சார்? சூட்டுக்கிட்ட ரொம்ப நேரம் நிக்க விடாதீங்கன்னு உங்க பொண்ணு ஃபோன்ல சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, சுத்தியலைத் தேடப் போய்விட்டாள். சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது.

வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருக்கிறாள். வகுப்பில் பிரஷர் உள்ள ஆள் நான் ஒருவன்தான் என்றாலும், பல பேட்ச் நடத்துகிறவளுக்கு மாறிப்போவது சகஜம்.

இதை அம்சவேணியிடம் சொல்லவில்லை. வீண் சந்தேகம் எதற்கு.

பிப்ரவரி 8, சனி

இன்று விரிந்தது.

ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து, வெட்டில் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். இரண்டு கால்களும் மெல்ல விலகின. திரும்ப அடுப்பு. திரும்பத் தட்டல். மறுமுனையையும் விரித்தபோது, அதுவரை நேர்க்கம்பியாக இருந்த ஒன்று நான்கு பக்கமும் கை நீட்டியது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அது தப்பு வெட்டு இல்லை, அப்படித்தான் வரும் என்றாள் கோகிலவாணி. கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள். ஏனோ கண்ணில் நீர் வந்தது. கரிப்புகை.

ஒரு கை மற்றதைவிடக் குட்டை. கம்பெனிக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த அளவுகூட வரவில்லை.

பிப்ரவரி 15, சனி

சூட்டில் இரும்பின் மேல் படிந்த செதிளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். கைகளின் நுனியைப் பட்டறைக்கல்லில் வைத்துக் கூராக்கி, அடிக் காலை மட்டும் வைஸில் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன். சூடு ஆறுவதற்குள் தேன்மெழுகு தடவினால் கறுப்பாக மினுங்குகிறது. துருப்பிடிக்காதாம்.

சிலுவை முடிந்துவிட்டது. பரவாயில்லாமல் வந்திருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தித்தாளில் சுற்றி டிவிக்குப் பின்னால் வைத்தேன். சாப்பிட்ட பிறகு எடுத்துப் பார்த்தேன். அம்சவேணி தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க. யாருக்கு?" என்றாள். யாருக்குமில்லை, பாடத்துக்காகச் செய்தது என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரு பொருளைச் செய்தால் அது பயன்பட வேண்டும். டிவிக்குப் பின்னால் சிலுவை இருந்து என்ன பயன்? எனக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் யார் யார் என்று யோசித்தேன். எங்கள் ஆபீசில் இருந்த மரிய சூசை மகனோடு கனடா போய்விட்டார். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

திருப்பூரில் ஒரு குடும்பம் இருக்கிறது.

பாசமோ, சமாதானமோ, அப்படியெல்லாம் எதுவும் இதில் இல்லை. பொருள் அதற்குரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அம்சவேணியிடம் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்வாள். அவள் கோயிலுக்குப் போகும் வியாழக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு, அவள் வருவதற்குள் திரும்பிவிடலாம்.

விலாசத்துக்குப் பிரச்சினை இல்லை. முன்பொரு முறை வேறு வேலையாகத் திருப்பூர் போனபோது அந்தத் தெரு வழியாக நடக்க நேர்ந்தது. இரண்டு முறை நேர்ந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகள் மிருதுளா வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. கையில் கரண்டியோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்சவேணி நின்றாள்.

கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு அவள், "இன்னைக்கு வியாழக்கிழமைங்க" என்றாள், நான்தான் கிழமை மாறி வந்துவிட்டேன் என்பதுபோல.

"இதுதான் தட்சிணாமூர்த்தி கோயிலா?" என்றேன்.

"உள்ள வாங்க. செருப்பை அங்கயே உடுங்க."

உள்ளே போனேன். அறையிலிருந்து மிருதுளா வந்தாள். குண்டாகிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்புக்குக் கொடுத்து நின்றதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கொடியில் சதுரம் சதுரமாக வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடமாக அவளிடம் சொல்ல வேண்டியதை நான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு வரியும் வரவில்லை.

அவள்தான் பேசினாள். "மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேன்."

"உக்காருங்க. வேத்து ஊத்துது உங்களுக்கு."

அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்தேன். ஃபேனைக் கூட்டிவைத்தாள்.

மாப்பிள்ளை ஜோயல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, "வாங்க மாமா" என்றான். அவனுடைய அம்மா லில்லி புஷ்பம் பின்னாலேயே வந்தார். வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கம். புருஷன் போன பிறகு மகனோடு இருக்கிறார். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வந்த காரியத்தை முடித்துவிடலாம் என்று பையிலிருந்து எடுத்து, செய்தித்தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "நானே செஞ்சது. உங்க வீட்டுக்கு" என்றேன். மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லில்லி புஷ்பம் சிலுவையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "ரொம்ப நேர்த்தியா செஞ்சிருக்கீய அண்ணாச்சி. தப்பா நெனச்சுக்கிடாதீய. எங்க சபையில சிலுவை மாட்டுறது கெடையாது."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "நீங்க கிறிஸ்தவங்கதானுங்களே?"

"நாங்க பெந்தெகோஸ்தே. படம், சுரூபம், சிலுவை ஒண்ணும் வைக்க மாட்டோம். ஆண்டவரு மனசுலதான் இருக்காரு."

"எங்க சாமியும் மனசுலதானுங்க இருக்குது. அதுக்காகப் படத்தையெல்லாம் கழட்டிப் போட்டுட்டமா? கண்ணால பாக்க ஒண்ணு வேணுமில்லைங்களா? நாளைக்கு ஒரு கொழந்தை இந்த வீட்ல வளருமுங்க. சாமி எங்கேன்னு கேட்டா எதைக் காட்டுவீங்க? உங்க சாமி உங்களுக்காகத்தானே இதுல…"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காலனிப் பிள்ளையார் கோயில் கமிட்டிச் செயலாளர் ஆகிய நான், ஒரு கிறிஸ்தவ அம்மாளிடம், சிலுவையை ஏன் வீட்டில் மாட்ட வேண்டும் என்று காபி ஆறும்வரை வாதாடினேன். அவரும் விடவில்லை, வசனம் வசனமாக எடுத்துச் சொன்னார். இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினோம். ஜோயல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டான். அங்கிருந்து இருமல் போல ஒரு சத்தம் வந்தது.

மிருதுளா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, போதும்ப்பா. உள்ள உதைக்குது" என்றாள்.

அதோடு வாதம் நின்றது. எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தோம்.

எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன். "ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமுங்க. பிரசவம் எங்க வீட்லதான்."

அம்சவேணி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

லில்லி புஷ்பம் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். அவர்கள் சபையில் வளையலும் போடுவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சிலுவையைக் கையில் எடுத்தார். குட்டையாகிப்போன கையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மொதமொத வாசல் ஏறி வந்திருக்கீய. கையால செஞ்சு கொண்டாந்ததையும் வேண்டாம்னுட்டேன். வளையலும் வேண்டாம்னு சொன்னா நல்லாருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைக்கு வளையல் போடுங்க. நான் ஒரு ஓரமா இருந்து ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்றார்.

ஆக, அந்தச் சிலுவையை அவர் வாங்கிக்கொண்டிருந்தால் வளைகாப்பு நடந்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்சவேணி என் பக்கத்தில். சிலுவை என் மடியில்.

"எத்தனை மாசமா இது?" என்றேன்.

"எண்ணலைங்க."

"பட்டறையும் அவ வேலைதானா?"

"நீங்க டிவி முன்னாடியே உக்காந்திருக்கீங்கன்னு சொன்னேன். அவதான் தேடிப் புடிச்சா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னாக் கோபப்படுவீங்க."

"எனக்குக் கோபமே வராது அம்சா."

"அப்படிங்களா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவிநாசி வரும்வரை தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

நடைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

மார்ச் 1, சனி

முழங்கால் இப்போது தேவலை. ஆனால் தண்டபாணி வரும் பாதையில் நாய்கள் அதிகம், அதனால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வளைகாப்பு. வீட்டோடு வைத்துக்கொண்டோம், யாரையும் கூப்பிடவில்லை. மிருதுளாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வளையல். லில்லி புஷ்பம் சொன்னபடி ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் நீளமாகப் போயிற்று. புளியோதரை ஆறிவிட்டது. முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் வாயும் அசைந்ததாக ஜோயல் சொல்கிறான். ஏப்பமாக இருக்கும்.

கிளம்பும் முன் சம்பந்தியம்மா, "அந்தச் சிலுவை எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். டிவிக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். "அது சரியில்லையே. வைக்கணும்னு நெனைக்கவக வீட்ல ஒழுங்கா வைக்கணும்லா" என்றார்.

அவர் போன பிறகு அம்சவேணி ஹாலில் தினசரிக் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். மிருதுளா இங்கே இருக்கும்வரை என்று நான் நிபந்தனை போட்டேன். காலண்டர் சமையலறைக்குப் போயிற்று. இனி தேதி பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

மே 12, திங்கள்

பெண் குழந்தை. இருவரும் நலம்.

ஆஸ்பத்திரியில் முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

மே 25, ஞாயிறு

காலையில் தண்டபாணி வீட்டுக்கே வந்துவிட்டார். மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்ததற்கு முழங்கால், நாய் என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. அவர் பார்வை நேராகக் காலண்டர் இருந்த இடத்துக்குப் போயிற்று.

"மாறிட்டீங்களா குழந்தைவேலு?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லீங்க."

"அப்புறம் இது?"

"சம்பந்தியம்மாவுக்காகச் செஞ்சதுங்க. அவங்க வேண்டாம்னுட்டாங்க."

அவர் கிட்டே போய் அதைப் பார்த்தார். கமிட்டியிலிருந்து ராஜினாமா கேட்கத்தான் வந்திருக்கிறார், நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் தேடினேன். மிருதுளா காபி கொண்டுவந்து வைத்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"நீங்களே அவங்க வீட்டுக்குப் போனீங்க. கதவைத் திறந்தாங்க. இல்லைங்களா?"

"ஆமாங்க."

"மூஞ்சியில அடிச்ச மாதிரி யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா."

அவர் காபியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "எங்க பையன் பெங்களூர்ல இருக்கறானே. அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. இங்க யாருக்கும் சொல்லல. அந்தப் புள்ள பேரு நஸ்ரின்."

என் உறுதியைப் புகழ்ந்து அவர் நடந்த சுற்றுகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பட்டறை எந்தக் கிழமைங்க?"

"சனிக்கிழமை."

"பிறை செய்யச் சொல்லித் தருவாங்களா? வளைச்சு எடுக்கறதுதானுங்களே. அது இதைவிடச் சுலபமாத்தான் இருக்கும்."

"சொல்லித் தருவாங்க" என்றேன். "ஆனா தண்டபாணி, சூடு பண்றதுக்கு முந்தி, அவங்க வீட்ல அதை மாட்டுவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."